வைகையில் தூண்டில்: எங்கே உட்காரலாம், எந்த மீனைச் சாப்பிடலாம்?

கேள்வி: ஆரப்பாளையத்தில் குடியிருக்கிறோம். எட்டாவது படிக்கும் மகன் தூண்டில் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஏ.வி. பாலத்தடியிலும் விரகனூர் அணையிலும் நிறையப் பேர் போடுகிறார்கள். அங்கேயே போகலாமா? கிடைக்கும் மீனைக் குழம்பு வைக்கலாமா? தூண்டில் கட்டவும் எங்களுக்குத் தெரியாது.

பதில்: பையன் கை பழக அங்கே போகலாம். குழம்புக்கு அந்த மீன் வேண்டாம்.

காரணம் இதுதான். நகருக்குள் வைகையில் நிற்பது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர் அல்ல. செல்லூர்ப் பக்கமிருந்து பந்தல்குடி கால்வாய் கொண்டுவந்து விடும் கழிவுநீரும், இரு கரையிலும் உள்ள சாக்கடைகளின் நீரும் சேர்ந்து தடுப்பணையில் தேங்குகின்றன. விரகனூர் மதகணை நகரத்துக்குக் கீழே இருப்பதால் இவ்வளவும் அங்கேதான் போய்ச் சேரும். ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் நீருக்குள் காற்று குறைந்துவிடும். அதைத் தாங்கும் ஜிலேபியும் கெளுத்தியும்தான் அங்கே மிஞ்சும். நிறைய மீன் மாட்டுகிறது என்பதால் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. பொரித்தால் கிருமி சாகும். சதையில் ஏறிய உலோகமும் ரசாயனமும் போகாது. வெயில் காலத்துக்குப் பிறகு பெய்யும் முதல் மழையன்று அதிகாலையில் மீன்கள் வாய் பிளந்து மேலே மிதந்தால் அவற்றைக் கையால்கூட அள்ளாதீர்கள். அடிச் சேறு கிளம்பி, காற்று கிடைக்காமல் திணறும் மீன்கள் அவை.

சாப்பிட மீன் வேண்டுமென்றால் மேற்கே போங்கள். கோச்சடை தாண்டி மேலக்கால் ரோட்டில் போனால் துவரிமான், மேலக்கால், தென்கரை. வடகரையில் திருவேடகம், சோழவந்தான். இன்னும் மேலே சிற்றணை, பேரணை என்ற அணைகள். என் பரிந்துரை திருவேடகம், மேலக்கால் பக்கம். ஆரப்பாளையத்திலிருந்து அதிக தூரமில்லை, நகரச் சாக்கடைக்கு மேலே இருக்கிறது, கரையில் நிழலும் உண்டு. அங்கேயும் ஊர்ச் சாக்கடை வந்து விழும் வாய்க்குக் கீழ்ப்பக்கம் உட்காராதீர்கள். தண்ணீர் வரும் மேல்பக்கம் உட்காருங்கள். பக்கத்துக் கண்மாய்களில் கேட்காமல் போடக் கூடாது. மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் பணம் போட்டுக் குஞ்சு விட்டிருப்பார்.

எப்போது போவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'வைகை அணை திறப்பு' என்று செய்தி வந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஜூன் மாத வாக்கில் இருபோக நெல்லுக்குத் திறக்கும் தண்ணீர் பேரணையிலேயே பெரியாறு பிரதான கால்வாய்க்குத் திரும்பிவிடும். மதுரைக்கு ஆற்றில் வராது. ராமநாதபுரம், சிவகங்கை பூர்வீகப் பாசனத்துக்குத் திறக்கும்போதும், சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும்போதும், வெள்ளம் வரும்போதும்தான் ஆறு ஓடும். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி ஓடும் நாளில் தூண்டில் போட்டுப் பயனில்லை. வேகம் குறைந்து, முழங்கால் ஆழத்தில் கால் விரல் தெரியும் அளவுக்குத் தெளிந்ததும் போங்கள். கரையோரம் தண்ணீர் சுழன்று தேங்கும் இடம், பாலத் தூணின் பின்புறம், கோரை ஓரம் ஆகிய மூன்றும் நல்ல இடங்கள். காலை வெளுத்ததிலிருந்து 9 மணி வரை, பிறகு மாலை 4.30-க்கு மேல்.

தூண்டிலுக்கு 8 முதல் 10 அடி மூங்கில் கம்பு போதும். ரீல் இப்போது வேண்டாம். 0.20 அல்லது 0.25 மி.மீ. நைலான் நரம்பு, கம்பின் நீளத்துக்கு ஒரு சாண் கூடுதலாக. முள் 10 அல்லது 12-ஆம் நம்பர். நம்பர் கூடினால் முள் சிறியது. கடையில் 6-ஆம் நம்பரைக் கொடுத்து அனுப்புவார்கள், ஜிலேபியின் சின்ன வாய்க்கு அது நுழையாது. சைக்கிள் வால்வு டியூபில் கால் அங்குலத் துண்டு வெட்டி நரம்பில் கோத்து அதில் தக்கையை (மிதவையை) செருகினால் வேண்டிய ஆழத்துக்கு ஏற்றி இறக்கலாம். முள்ளிலிருந்து நான்கு விரல் மேலே சிறிய ஈயக் குண்டை நசுக்கி விடுங்கள். தக்கை தண்ணீருக்கு மேலே ஒரு விரல் அகலம் மட்டும் தெரிய வேண்டும். அதற்கு மேல் நின்றால் மீனுக்கு இழுக்கும்போது கனம் தெரியும், இரையைத் துப்பிவிடும். அப்போது ஈயத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரைக்கு மண்புழுவைப் போல ஒன்றில்லை. வாழைத் தோட்டத்தின் ஈரத்திலும் பழைய சாணக் குவியலுக்கு அடியிலும் கிடைக்கும். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வரப்பைத் தோண்டிவிடாதீர்கள். பாத்தித் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும். புழுவை முழுதாகக் கோக்காமல் முள் மறையும் அளவுக்குத் துண்டு போதும். வால் தொங்கினால் அதை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். மைதா என்றால் ஒரு பிடி மாவில் வறுத்த கடலைப் புண்ணாக்குத் தூள் ஒரு ஸ்பூன், பிய்த்த பஞ்சு சிறிது, தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். பஞ்சு சேர்க்காவிட்டால் ஓடும் நீரில் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். உருண்டை மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

தக்கையைப் படிக்கப் பழகுவதுதான் பாதி வேலை. ஜிலேபி இரண்டு மூன்று முறை வெடுக்கென்று ஆட்டும், பிறகு தக்கை பக்கவாட்டில் நகரும். நகரும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டி இழுக்க வேண்டும். ஆடும்போதே இழுத்தால் வெறும் முள்தான் வரும். கெண்டை கடித்தால் தக்கை ஒரு கணம் மேலெழும்பிச் சாயும். கெளுத்தி ஆட்டமே இல்லாமல் நேராகக் கீழே இழுத்துக்கொண்டு போகும்.

உள்ளங்கை அகலம்கூட இல்லாத கெண்டைக் குஞ்சுகளைத் திரும்ப விடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் விடக் கூடாது. அதை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது, நம் நாட்டு மீனின் குஞ்சைத் தின்று தீர்த்துவிடும்.

மகனைத் தண்ணீரில் இறக்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஆள் ஆழத்தில் இருக்கும், மேலிருந்து தெரியாது. மதகுக்கு நேர் கீழே எந்த நாளும் உட்காரக் கூடாது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்துவிட்டாலே தூண்டிலைக் கட்டி வையுங்கள்.

மீனைக் கழற்றும்போது ஜிலேபியைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகுமுள்ளை மடக்கிப் பிடிக்கவும். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முள், விஷம் உண்டு. ஈரத் துணி போட்டு, பக்கமுள்ளுக்குப் பின்னால் பிடியுங்கள். குத்திவிட்டால் கையைச் சூடு தாங்கும் வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் கடுப்பு குறையும். முள் உடைந்து உள்ளே நின்றாலோ மறுநாள் வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் காட்டி டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.