விளக்கை எங்கே வைப்பது? கண்ணாடிக்கு எந்த நிறம்?

குறைபார்வை உள்ள வாசகர்களின் கேள்விகளுக்கு, குறைபார்வைப் பிரிவில் பணியாற்றும் கண் பரிசோதகர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 71. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா தேய்ந்துவருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். பரிசோதனை அறையில் சின்ன எழுத்துகளைக்கூட வாசித்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாளிதழைப் பிரித்தால் தலைப்புகளைத் தாண்ட முடியவில்லை. பவர் தவறா? இன்னும் அதிகப் பவருள்ள பூதக்கண்ணாடி வாங்கட்டுமா?

பதில்: அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள், அம்மா. அதே கண், அதே கண்ணாடி. மாறியது வெளிச்சம் மட்டும்தான்.

எழுத்து அட்டைமீது நல்ல வெளிச்சம் விழும்படி வைத்துத்தான் நாங்கள் சோதிக்கிறோம். வீடுகளில் நிலைமை வேறு. மாலையில் ஒருவர் வழக்கமாக உட்கார்ந்து வாசிக்கும் நாற்காலியில், வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் 50 லக்ஸ் காட்டும், மிஞ்சிப்போனால் 150. அலுவலக மேசைக்கே 500 லக்ஸ் என்பது பொதுவான அளவு. மாகுலா பாதிக்கப்பட்டவர்களில் பலர் 1,000 லக்ஸைத் தாண்டினால்தான் தடங்கலின்றி வாசிக்கிறார்கள். வயதும் சேர்ந்துகொள்கிறது. ஒளி நுழையும் துளையான பாவை சுருங்கிவிடுகிறது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. 20 வயதில் விழித்திரையைச் சேர்ந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேர்கிறது. உங்களுக்கு 71.

கூரையில் இன்னொரு டியூப்லைட் மாட்டலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அறை பளிச்சென்று ஆகும், தாளில் பெரிய மாற்றம் இருக்காது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்ற விதியை நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள். விளக்கை 60 செ.மீ. தூரத்திலிருந்து 30 செ.மீ.க்கு இழுத்தால் தாளில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகிறது, 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் ஒன்பது மடங்கு. பல்பை மாற்ற வேண்டியதே இல்லை. வளைத்து நிறுத்தக்கூடிய கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்று போதும். முகத்துக்கு இவ்வளவு அருகில் வருவதால் எல்இடி பல்பே நல்லது; குண்டு பல்பும் ஹாலஜனும் சுடும்.

வைக்கும் இடத்தில் கவனம் தேவை. நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கமாக, கண் மட்டத்துக்குக் கீழே, மூடி கவிழ்ந்த நிலையில் வையுங்கள். பல்பு நேராகக் கண்ணில் படவே கூடாது. பூதக்கண்ணாடியோடு வாசித்தால் விளக்கின் ஒளி கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே நுழைய வேண்டும். மேலிருந்து விழுந்தால் கண்ணாடியில் பல்பின் பிம்பம்தான் தெரியும். எழுதும்போது மட்டும் விளக்கு எழுதாத கையின் பக்கம் இருக்கட்டும், இல்லையேல் கையின் நிழல் வரியை மறைக்கும்.

உங்களுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை யாரும் அட்டவணை பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் ஆக வேண்டும். கையில் வாசிப்பு அட்டையைக் கொடுத்து, கூட்டிக் குறைக்கக்கூடிய விளக்கை மங்கலில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம். ஒவ்வொரு நிலையிலும் வாசிக்க முடிந்த மிகச் சிறிய எழுத்து எது, திக்காமல் வாசிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்று குறித்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்கு மேல் எழுத்துத் தெளிவு கூடாது. அதையும் தாண்டினால் கண் கூசத் தொடங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் அளவு. கண்புரையும் இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி மிகக் குறுகலாக இருக்கும், ஆகவே அவர்களுக்கு நிதானமாகச் சோதிக்க வேண்டும். செல்போனில் இருக்கும் லக்ஸ் செயலி துல்லியமானதல்ல என்றாலும், பரிசோதனை அறையையும் உங்கள் நாற்காலியையும் ஒரே போனால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். அடுத்த முறை போகும்போது இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பல்பின் நிறத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 2,700 மஞ்சளாகவும் 6,500 நீலம் கலந்த வெண்மையாகவும் இருக்கும். எல்லாருக்கும் உகந்தது என்று ஒரு நிறம் கிடையாது. இரண்டிலும் ஒரே பக்கத்தை வாசித்துப் பார்த்து, எது இதமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூதக்கண்ணாடியைப் பிறகு பார்க்கலாம். பவர் கூடக்கூட ஒரே பார்வையில் தெரியும் சொற்கள் குறையும். வெளிச்சம் சரியானால் குறைந்த பவரே போதுமானதாகி, வரி முழுவதும் கண்ணுக்குள் வர வாய்ப்பிருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பிறவியிலேயே நிறமிக் குறைபாடு. வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டான். கண்ணாடிக் கடையில் இருப்பதிலேயே கருமையான கூலிங் கிளாஸைக் கொடுத்தார்கள். பள்ளியில் அதைக் கழற்றிவிடுகிறான் என்று ஆசிரியர் குறை சொல்கிறார். எப்படிப் பழக்குவது?

பதில்: பழக்க வேண்டாம் அம்மா. உங்கள் மகன் சரியாகத்தான் செய்கிறான்.

நமக்குக் கருவிழியில், அதாவது பாவையைச் சுற்றியுள்ள நிற வளையத்தில், உள்ள நிறமி, பாவையைத் தவிர மற்ற இடத்தில் ஒளி நுழையாமல் தடுக்கிறது. அவனுக்கு அந்த நிறமி குறைவு. திரைச்சீலை இல்லாத ஜன்னல் போல, கருவிழியின் வழியாகவும் ஒளி உள்ளே புகுந்து சிதறுகிறது. கூச்சம் அதனால்தான். ஆனால் கரும்பலகையைப் பார்க்க அவனுக்கும் ஒளி வேண்டும். கூலிங் கிளாஸ்களை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். 3ஆம் வகை 8 முதல் 18 சதவீத ஒளியை மட்டுமே உள்ளே விடும்; 4ஆம் வகை 3 முதல் 8 சதவீதம்தான். அதை அணிந்துகொண்டு வகுப்பறையில் உட்காரச் சொல்வது, விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கச் சொல்வதற்குச் சமம்.

அவனுக்கு இரண்டு கண்ணாடிகள் தேவைப்படலாம். மைதானத்துக்குக் கருமையானது ஒன்று. வகுப்பறைக்கு மிக இலேசான நிறத்தில் இன்னொன்று, அல்லது நிறமே இல்லாத அவனுடைய பவர் கண்ணாடி. இதைக் கடைக்குள் நின்று முடிவு செய்யாதீர்கள். வெவ்வேறு நிறச் சோதனை லென்ஸ்களோடு நடுப்பகலில் அவனை வெளியே அழைத்துப் போய், வெயிலிலும் மரநிழலிலும் நிற்க வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் செய்யும் பரிசோதகரைத் தேடுங்கள். தூரத்தில் வரும் ஆளின் முகம் எதில் தெரிகிறது, எதில் நெற்றிச் சுருக்கம் தளர்கிறது என்று பாருங்கள். குழந்தைகள் சொற்களில் சொல்லாததை முகம் சொல்லிவிடும். தேர்வு அவனுடையதாக இருக்கட்டும். தானே தேர்ந்தெடுத்த கண்ணாடியைப் பிள்ளைகள் கழற்றுவது குறைவு.

கருமையாக இருப்பதாலேயே புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. யுவி 400 என்ற பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். நிறமே இல்லாத லென்ஸிலும் அது கிடைக்கும். கூச்சத்தில் பெரும்பகுதி மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வரும் ஒளியால்தான். முன்விளிம்பு அகன்ற தொப்பியும் பக்கங்களை மூடும் சட்டமும் பல நேரங்களில் லென்ஸின் நிறத்தைவிட அதிகம் உதவுகின்றன. வகுப்பில் தொப்பி அணிய அனுமதி கேளுங்கள். ஜன்னல் அவன் முதுகுப் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் இடம் கேளுங்கள். அவன் விழித்திரையின் மையம் முழுமையாக வளர்ந்திராது என்பதால், எந்த நிறக் கண்ணாடியும் தூரத்து எழுத்தைப் பெரிதாக்கித் தராது. முன்வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 28 வயது, விழித்திரையின் செல்கள் மெல்ல மெல்ல அழியும் ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற நோய். வெளியிலிருந்து கட்டடத்துக்குள் நுழைந்தால் சில நிமிடங்கள் எதுவும் தெரிவதில்லை. '550' என்ற ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டால் நோய் நிற்கும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நோயை எந்த நிறக் கண்ணாடியும் நிறுத்தாது, தம்பி. அந்த நம்பிக்கையில் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்லும் சிரமத்துக்கு அது உதவக்கூடும்.

550 என்பது நானோமீட்டரில் அலைநீளம். அதற்குக் குறைந்த நீலத்தையும் பச்சையின் பெரும்பகுதியையும் அந்த லென்ஸ் தடுக்கிறது. மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்கள் 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்குத்தான் மிக அதிகமாகத் தூண்டப்படுகின்றன. வெயிலில் அந்த ஒளியைத் தடுத்துவிட்டால், உங்களிடம் மிச்சமிருக்கும் கோல் செல்கள் அவ்வளவாகச் சோர்வதில்லை. உள்ளே வந்ததும் பார்வை சற்று விரைவாகத் திரும்பலாம். ஆய்வுகளைப் பார்த்தால், இத்தகைய லென்ஸால் எழுத்து வரிசையில் கூடுதல் வரி வாசிக்க முடிகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இதமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

ஆகவே சோதித்துப் பாருங்கள். பெல்லி-ராப்சன் அட்டையில் எழுத்தின் அளவு மாறாது. மும்மூன்று எழுத்தாக அதன் கருமை மட்டும் மங்கிக்கொண்டே போகும். லென்ஸோடும் லென்ஸ் இல்லாமலும் அதை வாசித்து ஒப்பிடலாம். பிறகு 450, 511, 527, 550 என்று இலேசானதிலிருந்து தொடங்கி, உதவுவதில் மிக இலேசானதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ஒரு வாரம் இரவல் வாங்கி, நீங்கள் தினமும் போகும் வழியிலேயே போட்டுப் பாருங்கள். அடர்ந்த ஆரஞ்சில் போக்குவரத்து சிக்னலின் நிறங்கள் மாறித் தெரியும். சாலையைக் கடப்பதற்கு முன் விளக்குகளின் இடத்தை வைத்து அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் உங்களுக்கு ஒத்துவராது. உள்ளே வந்த பிறகும் அது சில நிமிடம் கருமையாகவே இருக்கும்; உங்களுக்குச் சிக்கலே அந்தச் சில நிமிடங்களில்தான். சட்டென்று கழற்றக்கூடிய மேல்கண்ணாடியே மேல். வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக நின்று, தரை தெரியத் தொடங்கிய பின் நடங்கள். யாராவது அவசரப்படுத்தினாலும் நில்லுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயால் விழித்திரையில் லேசர் செய்துகொண்டேன். எதிரே வரும் வண்டி விளக்குகள் கூசுகின்றன. இரவில் ஓட்ட மஞ்சள் கண்ணாடி போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. எந்த நிறமும் ஒளியைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். லேசர் செய்த விழித்திரைக்கு இருட்டில் ஏற்கெனவே ஒளி போதவில்லை. மஞ்சள் கண்ணாடி சாலையோரம் நடப்பவரை மேலும் மங்கலாக்கும். இந்தக் கூச்சத்துக்குக் கண்புரையும் காரணமாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. கண் டாக்டரிடம் காட்டி, ஓட்டலாம் என்று அவர் சொல்லும்வரை இரவில் வண்டியை எடுக்காதீர்கள்.