ஒரே பாத்திரத்தில் மாட்டிறைச்சியும் மெக்ரோனியும்: கேள்வி பதில்

கேள்வி: ஹங்கேரியில் நான் சாப்பிட்ட குலாஷில் மெக்ரோனியே இல்லை. அமெரிக்கர்கள் குலாஷ் என்று சமைப்பது வேறு உணவா?

பதில்: பெயரையும் பாப்ரிகா என்னும் காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடியையும் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவு குறைவு. ஹங்கேரியக் குலாஷ், இறைச்சித் துண்டுகளை வெங்காயத்தோடும் பாப்ரிகாவோடும் நெடுநேரம் வேகவைத்து எடுக்கும் நீர்த்த குழம்பு. அமெரிக்கக் குலாஷ், கொத்திய மாட்டிறைச்சியையும் தக்காளியையும் வளைந்த மெக்ரோனியையும் ஒரே பாத்திரத்தில் இட்டு, வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகும் பிள்ளைகளின் பசிக்குள் முடித்துவிடக்கூடிய சமையல். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் ஏறக்குறைய இதையே ‘அமெரிக்கன் சாப் சூயி’ என்பார்கள்.

கேள்வி: நான்கைந்து பேருக்கு என்ன அளவு? எனக்கு ஒருமுறை கூழாகிறது, மறுமுறை வறண்டு போகிறது.

பதில்: கொத்திறைச்சி 450 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், தக்காளி விழுது இரண்டு மேசைக்கரண்டி, டப்பாத் தக்காளி 400 கிராம், இனிப்புப் பாப்ரிகா ஒரு மேசைக்கரண்டி, உலர்ந்த மெக்ரோனி 225 கிராம், இறைச்சி வடிசாறு (இறைச்சியையோ எலும்பையோ வேகவைத்து வடித்த நீர்) 600 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமையலின் சூட்சுமம் முழுவதும் அந்தக் கடைசி இரண்டு அளவுகளில்தான் இருக்கிறது. மெக்ரோனி வேகும்போது ஏறக்குறைய தன் எடை அளவுக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நீரை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சிய நீரில் ஒரு பகுதி ஆவியாகும், மற்றது குழம்பாக நிற்கும். தனியாக வேகவைத்து வடிக்கும்போது நீரோடு போய்விடும் மாவுச்சத்து, இங்கே பாத்திரத்திலேயே தங்கிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. ஆகவே அடுப்பை அணைக்கும் வேளையில் குழம்பு சற்றுத் தளர்வாகத் தெரிவதுதான் சரியான பதம். மெக்ரோனியைக் கடித்தால் நடுவில் மெல்லிய அழுத்தம் தட்டுப்பட வேண்டும். மூடி வைத்த ஐந்து நிமிடத்தில் இரண்டும் தாமாகச் சேர்ந்து வரும். ‘இன்னும் கொஞ்சம் வற்றட்டும்’ என்று அடுப்பிலேயே விடுவதுதான் கூழாவதற்குக் காரணம். வறண்டு போவது பெரும்பாலும் அகன்ற பாத்திரத்தைத் திறந்து வைத்துப் பெருந்தீயில் கொதிக்கவிடுவதால் நேர்வது. அப்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாமல், கொதிக்கும் நீரைக் கால் கோப்பை அளவாகச் சேருங்கள்.

கேள்வி: இறைச்சி சிவக்காமல் சாம்பல் நிறத்தில் நீர் விட்டு வேகிறதே?

பதில்: பாத்திரம் போதிய அளவு காயும் முன் மொத்த இறைச்சியையும் கொட்டிக் கிளறினால் அப்படித்தான் ஆகும். இறைச்சி விடும் நீர் முழுவதும் ஆவியாகும்வரை அதன் மேற்பரப்பு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணம் எழுவதற்கோ அதைவிட மிகுந்த சூடு வேண்டும். அடிகனமான பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து, இறைச்சியைப் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் கரண்டியே படாமல் விட்டுவிடுங்கள். ‘சுர்’ என்ற ஓசை ‘பொரபொர’ என்று மாறி, ஓரங்கள் பழுப்பேறிய பிறகு திருப்பி உடைத்தால் போதும். மிகுதியான கொழுப்பை வடித்துவிட்டு வெங்காயத்தை இடுங்கள். பாப்ரிகாவைத் தீயைத் தணித்த பிறகே தூவ வேண்டும். அதிலுள்ள சர்க்கரை விரைவில் கருகிக் கசந்துவிடும்.

கேள்வி: அடிபிடிப்பதைத் தவிர்ப்பது எப்படி?

பதில்: மெக்ரோனியைச் சேர்க்கும் முன், அடியில் ஒட்டிய பழுப்புப் படிவத்தைச் சிறிது வடிசாறு ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள், சுவையும் அதில்தான் இருக்கிறது. பின்னர் சிறுதீயில் மூடி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள்.

கேள்வி: கொத்திறைச்சிக்குப் பதிலாகத் துண்டுகள் இடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் தோள்பட்டைத் துண்டுகள் மெத்தென்று ஆக இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவை வெந்த பிறகே நீரை மீண்டும் அளந்து மெக்ரோனியைச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: கடைசியில் சீஸ் சேர்த்தால் அது திரிந்து எண்ணெய் பிரிகிறது.

பதில்: கொதியில் இடுவதால்தான். அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் துருவிய செடார் சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகக் கலந்துவிடுங்கள்.

கேள்வி: மீந்ததை மறுநாள் சாப்பிடலாமா?

பதில்: இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் மெக்ரோனி குழம்பை முழுவதும் குடித்து இறுகியிருக்கும். சிறிது வடிசாறு விட்டு ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.