கயிறு தளரும் கணம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் குஜராத்தின் கத்தியவார் இனத்தைச் சேர்ந்த ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். நான்கு வயது என்றார்கள். நாட்டியம் பழகிய குதிரை. மேளச் சத்தம் கேட்டால் கால் மாற்றி ஆடுகிறது. ஆனால் கொட்டிலிலிருந்து தோட்டத்துக்கு நடத்திப் போக முடியவில்லை. கயிற்றை இழுத்தால் தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறது. கையை உயர்த்தினாலே மிரள்கிறது. “சவுக்குப் பயம் விட்டுப்போனால் குதிரை ஆளை மதிக்காது” என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். மேலே ஏறாமல், தரையில் நின்றபடியே ஒரு நாள் முழுக்கக் குதிரையைப் பழக்கியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அன்பு காட்டினால் மட்டும் குதிரை பழகிவிடுமா? நான் எப்போது ஏறலாம்?

— ஒரு வாசகர், கோபிசெட்டிப்பாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

அன்பு மட்டும் போதாது. வெல்லம் ஊட்டித் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தால், வெல்லத்துக்காக உங்களை முட்டித் தள்ளத்தான் அது பழகும். பெரியவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்கு பக்கத்தில் நிற்கும் மனிதனை மதித்தே ஆக வேண்டும். அந்த மதிப்பைச் சவுக்கு வாங்கித்தரும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

எதையும் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரை அழைத்து வாய், பல், குளம்பு, முதுகு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடிவாளம் அறுத்த கடைவாய்ப் புண்ணோ கூர்மையாகிவிட்ட கடைவாய்ப் பல்லோ இருந்தால் எந்தக் குதிரையும் தலையைத் தூக்கத்தான் செய்யும். வலியைப் பிடிவாதம் என்று நினைத்துப் பழக்க முற்படுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

வலி இல்லையென்றால், இழுக்கும்போது அது பின்வாங்குவதில் வியப்பில்லை. இழுத்தால் எதிர்த்து இழுப்பது குதிரையின் இயல்பு. ஓடித் தப்பிப் பிழைத்த இனம் அது. தலையைப் பிடித்து இழுப்பது தப்பிக்கும் வழியை அடைப்பதாகவே அதற்குப் படுகிறது. இழுபறியில் நாம் ஜெயிக்கவும் முடியாது. குதிரை கற்றுக்கொள்வது கயிறு இறுகும்போது அல்ல, தளரும்போது. தான் எதைச் செய்தபோது அழுத்தம் நின்றதோ, அதையே மறுமுறையும் செய்து பார்க்கும். நீங்கள் சலித்துப்போய்க் கயிற்றை விட்டது அது பின்வாங்கிய நேரத்தில் என்றால், பின்வாங்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் படித்ததாகச் சொன்ன அந்த நாளின் காலையில் நான் முதலில் செய்தது, காதுகளுக்குப் பின்னால் பிடரி தொடங்கும் இடத்தில் கையை வைத்ததுதான். விரல்களின் எடைக்குச் சற்றே கூடுதலான அழுத்தம். குதிரை தலையைத் தூக்கியது; கையும் கூடவே உயர்ந்தது. அழுத்தத்தைக் கூட்டவில்லை, எடுத்துவிடவும் இல்லை. ஒரு காது என் பக்கம் திரும்பியது, மீண்டும் விலகியது. நாசி விரிந்து சுருங்கியது. பிறகு தலை ஒரு விரற்கடை அளவு இறங்கியது. அந்தக் கணமே கையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் பாடம். திரும்பத் திரும்ப அதையே செய்தோம். வெயில் ஏறுவதற்குள், கை பட்டதும் தலை என் மார்புக்குக் கீழே வந்து நின்றது. வாயை மென்று நாக்கைச் சுழற்றியது. பணிந்துவிட்டதன் அடையாளம் என்று அதைச் சொல்வார்கள். பதற்றம் தணிவதன் அடையாளமாகவே நான் அதைக் காண்கிறேன்.

நடத்துவதும் இப்படித்தான். எதிரே நின்று முகத்தைப் பார்த்து இழுக்காதீர்கள். குதிரைக்கு ஏறக்குறைய 350 பாகை பார்வை உண்டு. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான் தெரியாது. தோள் பக்கமாக நில்லுங்கள். கயிற்றை நேரே இழுக்காமல் பக்கவாட்டில் மெல்ல இறுக்கிப் பிடித்தால், நிலை பெயர்ந்து ஒரு கால் தூக்கியாக வேண்டும். தூக்கிய குளம்பு தரையைத் தொடுமுன் கயிறு தளர்ந்திருக்க வேண்டும். மீதிக் கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும். இடப்பக்கம் பழக்கியதை வலப்பக்கமும் முதலிலிருந்து பழக்குங்கள்.

இத்தனை சிறிய அசைவுகள் குதிரைக்குப் புரியுமா என்று தோன்றலாம். 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு, விடையைக் குளம்பால் தட்டிச் சொல்வதாகப் பெரும் பேச்சாக இருந்தது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தடுமாறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் தம்மை அறியாமல் தலையை நூலளவு அசைத்ததைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. எனக்கு இது கணக்குப் போடுவதைவிடப் பெரிய திறமையாகப் படுகிறது. உங்கள் தோள் இறுகுவதும் மூச்சு நிற்பதும் உங்களுக்கு முன்னால் குதிரைக்குத் தெரிந்துவிடும். கோபமாக இருக்கும் நாளில் தீவனம் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நாட்டியக் குதிரைகளை எல்லாம் அடித்துத்தான் பழக்குகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கை உயர்ந்தாலே மிரளும் உங்கள் குதிரைக்கு, உயர்ந்த கை என்ன செய்யும் என்பது தெரிந்திருக்கிறது. கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன் இதை எழுதிவைத்தார்: கட்டாயத்தால் செய்வதைக் குதிரை புரியாமல் செய்கிறது, ஆடுபவனைச் சவுக்கால் அடித்து ஆடவைப்பதில் எவ்வளவு அழகு உண்டோ அவ்வளவுதான் அதிலும் உண்டு. படை நடத்தியவர் சொன்னது இது. பெரியவரிடம் சொல்லுங்கள். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைகளைப் பார்த்துப் பழகிய கண்கள் உங்களுக்கு உதவும்.

எப்போது ஏறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கயிறு தளர்ந்திருக்க, இரு பக்கமும் நீங்கள் கையை உயர்த்தி முதுகில் சாக்கைப் போட்டு எடுக்கும்போது அது தலை தாழ்த்தி நிற்க வேண்டும். அதுவரை வேண்டாம். குதிரையின் முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயதாகும். சந்தையில் சொன்ன வயது சரிதானா என்பதையும் மருத்துவரிடம் பல் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். நான்குதான் என்றால் இன்னும் ஓராண்டு தரையிலேயே நில்லுங்கள்.