வேட்டைக்காரர் முதுகில் எத்தனை கிலோ உணவு?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் டென்வரில் பத்து ஆண்டுகளாக வசிக்கிறேன். வேட்டை உரிமமும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் முறைப்படி பெற்றுவிட்டேன். வரும் அக்டோபரில் அலுவலக நண்பர்கள் இருவருடன் கொலராடோ மலைக்காட்டில் ஏழு நாள் எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். சாலையிலிருந்து பல மைல் உள்ளே நடந்து சென்று, 10,000 அடி உயரத்தில் கூடாரம் அடிக்க வேண்டும்; உணவு முழுவதையும் முதுகில்தான் சுமக்க வேண்டும். நண்பர்கள் சாப்பிடும் பாக்கெட் உணவு என் நாக்குக்கு ஒத்துவரவில்லை. எடையும் கூடாமல் உடலும் சோர்ந்துபோகாமல் இருக்க என்ன கொண்டுபோகலாம்?

பதில்: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், இங்குள்ள வாசகர்களுக்கு இந்தக் கேள்வி வியப்பளிக்கலாம். கொலராடோவில் இது மாநில அரசு உரிமம் கொடுத்து, பருவமும் எண்ணிக்கையும் வகுத்து நடத்துகிற ஒன்று. ஆகவே கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. சுமையோடு நாள் முழுவதும் ஏறி இறங்கும் ஒருவருக்கு, அந்தக் குளிரில், நாளொன்றுக்கு 4,000 கலோரியோ அதற்கு மேலோ செலவாகும். அதை முழுவதும் ஈடுகட்டும் அளவுக்கு உணவு சுமந்தால் அந்தச் சுமையே உங்களைக் களைப்பாக்கிவிடும். 3,500 கலோரிக்குக் குறையாமல் சாப்பிட்டு, மீதியை உடலின் சேமிப்புக் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள விடுவதே நடைமுறைக்கு ஏற்றது. ஒரு வாரத்தில் அரைக் கிலோ எடை குறைவதால் நலமான ஒருவருக்குத் தீங்கு இல்லை. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி என்பதால், தண்ணீர் சேர்ந்த உணவு எதையும் ஒதுக்கிவிட்டு, 100 கிராமில் சராசரியாக 400 கலோரிக்கு மேல் தருகிறவற்றையே பையில் வைக்க வேண்டும்.

உங்கள் ஊர் இந்தியக் கடையில் கிடைப்பவற்றைக் கொண்டே ஒரு நாளுக்கான பையைக் கட்டிக் காட்டுகிறேன். காலைக்கு வறுத்து அரைத்த சத்துமாவு 80 கிராம், கொழுப்பு நீக்காத பால் பவுடர் 30 கிராம், பொடித்த வெல்லம் 20 கிராம். மூன்றையும் ஒரே பையில் கலந்து வைத்துக்கொண்டால் வெந்நீர் ஊற்றிக் கிளறுவதுதான் வேலை. நடக்கும்போது கொறிக்க வறுத்த நிலக்கடலை 100 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 80 கிராம், கடலை மிட்டாய் 80 கிராம், சாக்லேட் 50 கிராம். நண்பகலுக்கு இரண்டு டார்ட்டியா (சப்பாத்தி போன்ற மெக்சிகோ ரொட்டி), அவற்றில் தடவ 50 கிராம் கடலை வெண்ணெய். இரவுக்கு அவல் 120 கிராம், உப்பும் மிளகும் சேர்ந்த பருப்புப் பொடி 40 கிராம், முந்திரி 30 கிராம், நெய் 30 கிராம். மொத்தம் ஏறத்தாழ 810 கிராம் எடையில் 3,600 கலோரியும் 90 கிராம் புரதமும் கிடைக்கின்றன. ஏழு நாளுக்கு ஆறு கிலோவுக்குள் முடிந்துவிடும். எட்டாவதாக ஒரு பை கட்டாயம் வேண்டும். அது ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பை என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோனால் முதல் மூன்று நாளில் பிடித்தவை தீர்ந்து, பிடிக்காதவை மட்டும் மிஞ்சும். கடை உறைகளை வீட்டிலேயே பிரித்து, கையுறை போட்ட விரல்களால் திறக்கக்கூடிய ஜிப் பைகளுக்கு மாற்றிவிடுங்கள். சரசரக்கும் உறை காட்டின் அமைதியில் வெகுதூரம் கேட்கும் என்பதும் வேட்டையில் ஒரு காரணம். நம் பொரிவிளங்காய் உருண்டை வழிப்பயணத்துக்கென்றே பிறந்த பண்டம்தான் என்றாலும், உறைபனிக் குளிரில் அது பல்லை உடைத்துவிடும். அதே பொருள்களைப் பொடியாகவே கொண்டுபோய் வெந்நீரில் கரைத்துக் குடியுங்கள். கடலை மிட்டாயையும் சாக்லேட்டையும் காலையிலேயே சட்டையின் உள்பைக்கு மாற்றிக்கொண்டால் உடற்சூட்டில் கடிக்கும் பதத்தில் இருக்கும்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். விடியுமுன் எழுந்து காப்பியோடு கிளம்பி, மான் தென்படும் பரபரப்பில் பகலெல்லாம் பட்டினி கிடந்து, இருட்டிய பிறகு ஒரே மூச்சில் உண்பது வேட்டைக்காரர்களிடம் வழக்கமாக இருக்கிறது. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து மொத்தமே 2,000 கலோரி அளவுதான். ஏற்றத்தில் அது பிற்பகலுக்குள் வெகுவாகக் குறைந்துபோகும். அப்போது கால் தளர்வதோடு, பொறுமையும் நிதானமும் குறையும். கையில் துப்பாக்கி இருக்கும்போது நிதானம் குறைவது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை. பசிக்காவிட்டாலும் ஒன்றரை மணிக்கொருமுறை ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். உயரத்தில் பசி மந்தப்படுவது இயல்பு என்பதால் அங்கே வயிற்றைக் கேட்டுச் சாப்பிடக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். பகலில் இனிப்பும் மாவுச்சத்தும் மிகுந்தவற்றை உண்ணுங்கள். அதே அளவு ஆற்றலைத் தர அவற்றுக்கு ஆக்சிஜன் குறைவாகவே போதும். நெய்யையும் முந்திரியையும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் செரிக்கும் உணவு தூக்கத்திலும் உடலுக்குச் சூடு தந்துகொண்டிருக்கும்.

காப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வரும் தலைவலியையும், 2,500 மீட்டருக்கு மேல் வரக்கூடிய மலைநோயின் தலைவலியையும் பிரித்தறிவது கடினம்.

கேள்வி: மொன்டானாவில் வசிக்கும் என் கணவர், "மானைச் சுட்டுவிட்டால் இறைச்சிக்குப் பஞ்சமில்லை, உணவு எதற்கு இவ்வளவு?" என்று சொல்லி, நான் கட்டிக்கொடுப்பதில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை அம்மா. இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

மான் கிடைக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை என்பது முதற்காரணம். கிடைத்தாலும் எல்க் இறைச்சி மிகவும் மெலிந்த இறைச்சி. 100 கிராமில் 110 கலோரி அளவுதான் இருக்கும், கொழுப்போ இரண்டு கிராமைத் தொடாது. கொழுப்பும் மாவுச்சத்தும் இல்லாமல் மெலிந்த இறைச்சியை மட்டும் உண்டு வந்தால், வயிறு நிறைந்தபடியே உடல் வாடும். சில நாட்களில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். வடபுலப் பழங்குடியினர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆர்க்டிக் பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரான கிரீ மக்களும் அவர்களைச் சூழ்ந்த சமவெளி மக்களும் உலர்த்தி இடித்த காட்டெருமை இறைச்சியோடு உருக்கிய கொழுப்பைச் சேர்த்துப் பெம்மிகன் செய்து நெடும்பயணங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு ஆற்றலைத் தந்ததில் பெரும்பங்கு அந்தக் கொழுப்புக்கே. கணவர் முகாமில் இறைச்சி சமைக்கத்தான் போகிறார் என்றால் நெய்யைக் கூடுதலாக வைத்து அனுப்புங்கள்.

இன்னொரு காரணம், மான் இனங்களைத் தாக்கும் நாள்பட்ட மெலிவு நோய். கொலராடோவில் 1960-களின் பிற்பகுதியில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்த நோய் இப்போது மொன்டானாவிலும் இருக்கிறது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை. ஆயினும் நோய் பரவியுள்ள பகுதியில் கிடைத்த மானைப் பரிசோதித்த பிறகு உண்பதும், நோய் இருப்பது தெரிந்தால் உண்ணாதிருப்பதுமே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பரிசோதனை முடிவு காட்டுக்குள் வந்து சேராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சுமை. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியே 90 கிலோ அளவுக்கு வரும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவருவது சட்டப்படி குற்றம். ஆகவே முப்பது, முப்பத்தைந்து கிலோவாகக் கட்டி, தொடை, தோள், முதுகுச் சதை எனப் பல நடையாகச் சுமந்து இறக்க வேண்டும். வேட்டையின் மிகக் கடினமான நாள் மான் விழுந்த மறுநாள்தான். அதுவரை ஐந்து நாளாக அரைவயிற்றில் நடந்த ஒருவர் அந்தச் சுமையோடு ஈரப் பாறையில் இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகுகிறது. கட்டிக்கொடுத்ததில் பாதியை விட்டுவிட்டுப் போகிறவரிடம் அந்த நாளுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. முந்தைய பதிலில் எட்டாவது பை என்று சொன்னது இந்த நாளுக்காகவே. அதில் இனிப்பைக் கூட்டி, 4,500 கலோரி வரும்படி கட்டி, மேலே பெரிதாகக் குறித்து அனுப்புங்கள். ஒவ்வொரு நடைக்கும் இடையில், சுமையை இறக்கிவைத்த கையோடு, கை கழுவிவிட்டு அவர் ஏதேனும் உண்ண வேண்டும். அது முடிந்த பிறகுதான் அடுத்த மூட்டை.

மொன்டானா கிரிஸ்லி கரடி வாழும் இடம் என்பதால் உணவை ஒருபோதும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. சமைக்கும் இடமும் உணவைக் கட்டித் தொங்கவிடும் இடமும் தூங்கும் இடத்திலிருந்து நூறு கஜமாவது தள்ளியிருக்கட்டும். பை தரையிலிருந்து பத்தடி உயரத்திலும் மரத்தண்டிலிருந்து நான்கடி விலகியும் தொங்க வேண்டும். இறைச்சிக்கும் இதே விதிதான்.

கேள்வி: அந்த உயரத்தில் அரிசியும் பருப்பும் வேகுமா? தண்ணீருக்கு என்ன செய்வது?

பதில்: 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்க முயல்வது எரிவாயுவை வீணாக்குவதுதான். அவல், வறுத்த ரவை, சத்துமாவு போல ஏற்கெனவே பக்குவமானவற்றையே கொண்டுபோங்கள். அவலில் வெந்நீர் ஊற்றி, மூடி, கம்பளிக் குல்லாவில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் மலர்ந்துவிடும். நெய்யைக் கடைசியில் விடுங்கள். எரிவாயுக் குப்பியில் சாதாரண பியூட்டேன் மட்டும் இருந்தால் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது, அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பியை வாங்கி, இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிகட்டியையும் கூடவே வையுங்கள். அதன் நுண்குழாய்கள் ஒருமுறை உறைந்தாலும் உடைந்துபோகக்கூடும். உடைந்ததை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஓடைநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். வடிகட்ட வழியில்லையென்றால் 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் முழுக் கொதியில் வைக்க வேண்டும். குளிரில் தாகம் தெரியாது; நாளுக்கு மூன்று லிட்டரை அளந்தே குடியுங்கள். வியர்த்து நடந்த நாளில் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிப்பது, விலை கொடுத்து வாங்கும் எந்தப் பானத்துக்கும் குறைந்ததல்ல. உலர் உணவு உண்ணும் வாரத்தில் மலச்சிக்கலைத் தடுப்பதும் இந்தத் தண்ணீர்தான்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நண்பர்களோடு இப்படிப் போகலாமா?

பதில்: உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போகாதீர்கள். நாள் முழுவதும் நடக்கும்போது இன்சுலின் தேவை வெகுவாகக் குறையும் என்பதால் அளவை அவர்தான் மாற்றித் தர வேண்டும். அவர் சம்மதித்தால், மேலே சொன்ன பையில் வெல்லத்தையும் பேரீச்சையையும் தனியே எடுத்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும் வேளைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, அவற்றின் இடத்தை நிலக்கடலையால் நிரப்புங்கள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, திரும்ப உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. இரவும் பகலும் அது உடலை ஒட்டியே இருக்கட்டும். குளுக்கோஸ் மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது, நீங்கள் குழறிப் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூட வரும் ஒவ்வொருவரிடமும் வண்டியை விட்டு இறங்கும் முன்பே காட்டிவிடுங்கள்.