இரண்டு மெட்ரோனோம் சேர்ந்து ஆடி, மறுபடி நழுவுவது ஏன்?

மெட்ரோனோம் என்பது சாவி கொடுத்தால் ஊசல்போல் ஆடித் தாளம் காட்டும் கருவி. ஒரே பலகைமேல் வைத்த இரண்டுக்கும் பலகை வழியாக இணைப்பு இருக்கிறது, ஆனால் போதவில்லை. காட்பாடி பள்ளிக் கண்காட்சிக்கு வைத்த இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஆடி, சட்டென்று நழுவி, மறுபடி சேர்கின்றன என்றீர்கள். ஆடும் பொருள்கள் ஒத்திசைவதைக் கணக்கிடும் குராமோட்டோ மாதிரியில், பூட்டு விழும் (இரண்டும் நழுவாமல் ஒரே வேகத்தில் ஆடும்) எல்லைக்குச் சற்று வெளியே நின்றால் இதுதான் நடக்கும்.

கட்ட வேறுபாடு (ஆட்டத்தில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு முன்னே என்பது) மாறும் வீதம் = இயல்பு வேகங்களின் வித்தியாசம் − இணைப்பு வலிமை × சைன்(கட்ட வேறுபாடு). சைன் 1-ஐத் தாண்டாது. வித்தியாசம் இணைப்பைவிடப் பெரிதாக இருந்தால் பூட்டவே பூட்டாது.

உங்கள் தேக்குப் பலகையின் கனம்தான் காரணமாக இருக்கும். லேசான பலகையை எடுத்து, அடியில் இரண்டு காலி சோடா டின்னை உருளும்படி வையுங்கள்.

சோதித்துப் பாருங்கள்:

1. முழுச் சாவி கொடுத்து, இரண்டையும் தரையில் தனித்தனியே வையுங்கள். ஒரே பக்கம் சேர்ந்து சாய்ந்ததிலிருந்து, நழுவி மறுபடி அப்படிச் சாயும்வரை எத்தனை வினாடி?

2. அதையே பலகைமேல் வைத்து அளந்து பாருங்கள்.

தரையில் 20, பலகையில் 25 என்று வைப்போம். 20/25 = 0.8, அதன் வர்க்கம் 0.64, மீதி 0.36-இன் வர்க்கமூலம் 0.6. தேவையான இணைப்பில் 60 சதவீதம்தான் இருக்கிறது. இரண்டு நேரமும் ஒன்றே என்றால் டின் உருளவே இல்லை. அப்புறம், ஒன்றின் எடையை மயிரிழை நகர்த்தி வித்தியாசத்தைக் குறைத்தாலும் பூட்டும்.

மொட்டை மாடியில் மட்டும் செய்யாதீர்கள். சத்துவாச்சாரியில் நாங்கள் செய்தபோது, மழைநீர் வாட்டத்தில் பலகையே ஓடிப்போனது.

இது எளிமையாக்கிய கணக்கு. வீச்சு (எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்பது) மாறுவதை இது பார்ப்பதில்லை. எதிரெதிராக ஆடி நிலைத்தாலும் அது ஒத்திசைவுதான்: 1665-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் தன் ஊசல் கடிகாரங்களில் கண்டது அதைத்தான்.