சின்ன நீராவி இன்ஜினில் தேய்மானம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: 45 மில்லிமீட்டர் கேஜில் (தண்டவாள அகலம்) ஓடும் பழைய கேஸ் அடுப்பு மாதிரி ரயில் நீராவி இன்ஜின். முன்பு நன்றாக இழுத்தது, இப்போது திணறுகிறது, ‘கடக் கடக்’ என்கிறது. சிலிண்டரைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி, அது கடைசி வேலை. கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் தாத்தா, இன்ஜின் வந்ததும் முதலில் புகைபோக்கிப் பக்கம்தான் காதை வைப்பாராம். சின்ன இன்ஜினுக்கும் அதே வழிதான்.

இரண்டு சிலிண்டர் இன்ஜின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது நாலு ‘சஃப்’ கேட்கணும். ஒன்று மட்டும் சோர்ந்தால், ஒரு சிலிண்டரின் ஒரு முனையில் கோளாறு. ஓசை நொண்டினால் எக்சென்ட்ரிக்கின் (அச்சோடு சுழன்று வால்வை நகர்த்தும் வட்டு) திருகு தளர்ந்து நகர்ந்திருக்கலாம். அது தேய்மானமே இல்லை, முடுக்கினால் போதும். ஆனால் சரியான இடத்தில் வைத்து முடுக்கணும்.

அப்புறம் காற்றுச் சோதனை. அடுப்பு அணைந்து, கொதிகலன் ஆறியபின், நீர் ஏற்றும் வால்வு வழியே 1 பார் அளவு காற்று கொடுங்கள். கார் டயர் பம்ப் போதும். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் திறப்பு) முழுதாகத் திறங்கள். ஸ்லைடு வால்வை (சிலிண்டரின் துவாரங்கள்மேல் நழுவித் திறந்து மூடும் தகடு) அதன் முகத்தோடு அழுத்தி வைப்பதே உள்ளிருக்கும் அழுத்தம்தான், அதனால் மெல்லத் திறந்தால் தப்பான விடை வரும். பிஸ்டன் தண்டு வெளியே வரும் இடத்தில் சோப்பு நீர் நுரைத்தால் சீல் போய்விட்டது. புகைபோக்கியில் விடாமல் சீறினால் வால்வு அல்லது பிஸ்டன். ஒரு சிலிண்டரின் வால்வு, நீராவி நுழையும் இரண்டு துவாரங்களையும் மூடி நிற்கும் நிலையிலும் சீறுகிறதா? வால்வு முகம். துவாரம் திறந்ததும்தான் சீறுகிறதா? பிஸ்டன் சீல். ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள், இரண்டும் ஒரே புகைபோக்கியில்தான் ஊதும்.

‘கடக்’ வேறு கதை. சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். பிஸ்டன் தண்டு அசையத் தொடங்குமுன் சக்கரம் எவ்வளவு வெறுமனே நகர்கிறதோ, அதுதான் ஆட்டம். கிராங்க் பின் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முளை), இணைப்புத் தண்டின் துளை, குறுக்குத் தலை (பிஸ்டன் தண்டும் இணைப்புத் தண்டும் சேரும் இடம்) என்று ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்தால் எது குலுங்குகிறது என்று தெரிந்துவிடும். அச்சடியில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு வந்தால் பித்தளை புஷ் (அச்சு சுழலும் குழல்) தேய்கிறது, செம்பழுப்புச் சேறு வந்தால் துரு. நம்மூர் ஈரத்துக்கு இரண்டாவதுதான் அதிகம். ஓடி முடித்ததும் துடைத்து எண்ணெய் விடாமல் பெட்டியில் வைத்தால், அந்தத் துருவே அரம்போல அறுக்கும்.

எண்ணெய்க் குப்பியையும் பாருங்கள். நீராவி அதில் குளிர்ந்து நீராகி எண்ணெயைச் சிலிண்டருக்குத் தள்ளும், அதனால் ஓட்டம் முடிந்தபின் அதில் பெரும்பாலும் நீர்தான் இருக்கணும். எண்ணெய் அப்படியே நின்றால் துளை அடைத்திருக்கிறது, சிலிண்டர் வறண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

புஷ் மாற்றுவதென்றால் நல்ல கடைசல் பட்டறைக்குப் பழைய புஷ்ஷோடு அச்சையும் கையோடு கொண்டுபோங்கள். அச்சும் தேய்ந்திருக்கும், பழைய அளவுக்குக் கடைந்தால் மறுபடி ஆடும்.