அறிமுகத்தின்போது மேலாளர் சொல்வதைத் திருத்துவது பற்றி

வணக்கம். அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களிடம் உங்கள் மேலாளர் "இவர் ஆட்டிச நோயால் பாதிக்கப்பட்டவர், பாவம், ஆனாலும் நன்றாக வேலை செய்வார்" என்று அறிமுகப்படுத்துவதாகவும், அவர் மனம் நோகாமல் அதைத் திருத்த வழி வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் ஆட்டிசம் உள்ளவன்தான். எல்லோர் முன்னிலையிலும் திருத்தாதீர்கள். பேச்சு உங்கள் கோபத்தைப் பற்றியதாகத் திரும்பிவிடும். பிறகு தனியாகவோ, நேரில் பேசத் தடுமாற்றமாக இருந்தால் வாட்ஸ்அப்பிலோ, "சார், அக்கறையோடுதான் சொல்கிறீர்கள் என்று தெரியும், ஆனால் இது நோய் இல்லை, மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு, ஆகவே 'ஆட்டிசம் உள்ளவர்' என்று மட்டும் சொல்லுங்கள்" என்று மாற்றுச் சொல்லையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். எது தவறு என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று என்றாலும், முதல் பேச்சிலேயே சட்டத்தை இழுப்பது மிரட்டலாகத் தொனிக்கும். (அந்தப் "பாவம்" முதலில் ஒழிய வேண்டும் என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.) உங்களைக் கேட்காமல் இதைப் புதியவர்களிடம் சொல்லவே கூடாது என்று நினைத்தால், அதைத் தனி வாக்கியமாக வெளிப்படையாக எழுதுங்கள், சொல் திருத்தத்துக்குள் பொதிந்து வைத்தால் அவருக்குப் புரியாது.